இருநூற்றுப் பதின்மூன்றாவது துண்டு

அந்தக் கட்டடத்துக்கு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பத்து மணி கூட ஆகவில்லை. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. ஒரு காலத்தில் மீன் வைக்கும் குளிர்கிடங்காக இருந்த இடம். மூன்று மாடி உயரத்துக்கு ஜன்னலே இல்லாத சுவர், லாரிகள் பின்னோக்கி வந்து நிற்க ஒரு சிமெண்டு மேடை, அதன் ஓரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்புக் கதவு. எங்கள் நிறுவனம் அதை வாங்கி உள்ளே சர்வர்களை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சுவரை எத்தனை தடவை கழுவிப் பூசினாலும் ஈரமான நாட்களில் மீன் வாடை வரும் என்று தலைமை அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அன்று ஈரம் இல்லை. வாடை இருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி என் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தள்ளிவிட்டாங்களா, நீங்களா கேட்டு வந்தீங்களா?"

"நானாத்தான் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்த வாசலில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை போலிருந்தது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உள்ளே குளிரும், நாளை முதல் ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்டு வந்ததற்குக் காரணம் என் தங்கை.

அவள் போய் அப்போது மூன்று மாதம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குடலில் கோளாறு என்றார்கள்; வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை மாட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து பசிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் குரல் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். நான் நர்ஸிடம் போய்க் கெஞ்சினேன். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டும் விட்டார்கள். ஆறாம் நாள் அதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.

அவள் எழுதி அனுப்புகிற ஆள் இல்லை. கைபேசிச் செய்திச் செயலியில் எதையும் பேசித்தான் அனுப்புவாள். மூன்று வினாடி, நான்கு வினாடி. "பெரிசு, குடையை எடுத்துக்கிட்டுப் போ." "பெரிசு, என் சார்ஜரை எங்க ஒளிச்சு வெச்ச?" "பஸ் இன்னும் வரல. திட்டாத." அக்கா என்று அவள் கூப்பிட்டதே கிடையாது, பெரிசுதான். சில செய்திகளில் பேச்சே இருக்காது, சிரிப்பு மட்டும் இருக்கும். எதற்குச் சிரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் கைபேசியைக் காதில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருக்கும். ஒருநாள் கைபேசியை என் மடியில் போட்டாள். "எல்லாத்தையும் அழிச்சுடு பெரியவளே. அது அங்க இருக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். எனக்கு வேற வழி தெரியல."

அவள் கண்முன்னாலேயே தங்கையின் கணக்கை மூடினேன். அம்மாவின் கைபேசியிலிருந்தும் என் கைபேசியிலிருந்தும் அந்தக் குரல்கள் ஒரே நொடியில் மறைந்தன. போயிடுச்சா என்று அம்மா கேட்டாள். போயிடுச்சும்மா என்றேன்.

அது பொய். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பொய்.

அந்தச் செய்திச் செயலியின் குரல்களைச் சேமித்து வைக்கும் வேலை எங்கள் நிறுவனத்துடையது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான குரல்கள் வரும், ஒவ்வொன்றும் பொடிசு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்தால், குரல் பிடிக்கும் இடத்தைவிட அதன் பெயரும் விலாசமும் பிடிக்கும் இடம் அதிகமாகிவிடும். தேடி எடுப்பதற்குள் டிஸ்க் மூச்சு வாங்கும். ஒரு கடுகுக்கு ஒரு டப்பா வாங்கி வைப்பது மாதிரி. அதனால் லட்சக்கணக்கான துண்டுகளை வரிசையாக ஒட்டி ஒரே பெரிய கோப்பில் போட்டுவிடுவோம். அதற்குப் பெட்டி என்று பெயர். எந்த ஆளுடைய துண்டு, எந்தப் பெட்டியில், எத்தனையாவது இடத்தில், எவ்வளவு நீளம் என்பது மட்டும் ஒரு மெல்லிய அட்டவணையில் இருக்கும். பெட்டி நிறைந்ததும் முத்திரை வைத்துவிடுவோம். அதன்பிறகு அதிலிருந்து படிக்கலாம். ஓர் எழுத்தைக் கூடச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று பிரதி, மூன்று ஊர்களில் மூன்று கட்டடங்களில்.

யாராவது அழித்தால் நாங்கள் பெட்டியைத் தொடுவதில்லை. அட்டவணையில் அந்தத் துண்டுக்கு எதிரே ஒரு குறி போடுவோம்: இறந்தது. குரல் பெட்டிக்குள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஒரு பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இறந்த பிறகுதான் சுருக்கல் நடக்கும். உயிருள்ள துண்டுகளை மட்டும் புதிய பெட்டிக்கு நகல் எடுத்துவிட்டுப் பழையதை, மூன்று ஊர்ப் பிரதிகளையும் சேர்த்து, முழுசாக அழிப்போம். உண்மையான அழிவு அதுதான்.

என் தங்கையின் துண்டுகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் செய்திகள் எல்லாம் ஏதோ ஓர் இடமாற்றத்தின்போது ஒன்றாக நகர்ந்து ஒரே பெட்டியில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு கூட வராது. அலுவலகத்திலிருந்து படித்தால் யார் எப்போது படித்தார்கள் என்று பதிவாகும். பிறர் குரலைக் கேட்டால் வேலை போகும். ஆனால் அந்தப் பழைய கிடங்கில் ஒரு டிராலி இருந்தது. அதில் ஒரு திரையும் விசைப்பலகையும். அதைத் தள்ளிக்கொண்டு போய் சர்வரில் நேரடியாகச் செருகினால், டிஸ்க்கிலிருந்து படிப்பது எங்கும் பதியாது.

அதற்காகத்தான் கேட்டு வந்தேன்.

உள்ளே என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன்தான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். கண்ணாடி அவ்வளவு கனம் என்பதால் எல்லோரும் சோடாபுட்டி என்றே கூப்பிட்டார்கள்; அவனும் தொலைபேசியில், "சோடாபுட்டி பேசறேன்" என்றே ஆரம்பிப்பான். முதல் நாளே என்னிடம், "வாங்க மேடம், இது இறந்தவங்களுக்கான லாட்ஜு. வாடகை கிடையாது, காலி பண்ணச் சொல்றதுதான் நம்ம வேலை" என்றான். வாரம் ஒருமுறை சுருக்கலுக்கான பெட்டிகளைப் பட்டியல் போடுவது எங்கள் இருவரின் வேலை. என் தங்கை இருந்த பெட்டி பட்டியலில் ஏறும்போதெல்லாம் நான் அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு உறுத்தியது.

சர்வர் கூடம் ஒரு பெரிய குகை. பன்னிரண்டு வரிசை அடுக்குகள், இடையில் ஓர் ஆள் நடக்கும் வழி. ஆயிரக்கணக்கான மின்விசிறிகளின் ஓசை ஒரே கோடாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு வரிசைக்கும் தனி விளக்கு; ஆள் அசைந்தால் எரியும், நான்கு நிமிடம் அசைவு இல்லாவிட்டால் அணைந்துவிடும். வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போது உள்ளே கை நீட்டினால் கை தெரியாது.

தினமும் ஒரு மணிக்கு, சோடாபுட்டி சாப்பிடப் போனதும், டிராலியை ஏழாம் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு துண்டைக் கேட்பேன். ஒன்றுக்கு மேல் கேட்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் வரவேண்டுமே.

பத்தொன்பதாம் நாள், அட்டவணையில் அவள் பெயருக்கு எதிரே எண் மாறியிருந்தது.

இருநூற்றுப் பதின்மூன்று.

முத்திரை வைத்த பெட்டி. மூன்று மாதத்துக்கு முன் மூடியது. திரையைத் தடவிப் பார்த்தேன், தூசியோ என்று. மற்ற இரண்டு கட்டடங்களின் அட்டவணையைத் திறந்தேன். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டுதான். இங்கே மட்டும், பெட்டியின் கடைசியில் ஒன்றும் இல்லாமல் விட்டிருந்த இடத்தில், ஒரு புதுத் துண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கும் எதிரே அதே குறி: இறந்தது.

கேட்டேன். மூன்று வினாடி. மின்விசிறி ஓசை.

இந்தக் கூடத்தின் ஓசை.

சோடாபுட்டிதான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். முத்திரையை மீறி எழுத வழி கண்டுபிடிக்கக்கூடிய மூளை அவனிடம் இருந்தது. நான் மதியத்தில் என்ன செய்கிறேன் என்று மோப்பம் பிடித்துவிட்டான். பயமுறுத்திப் பார்க்கிறான், இல்லாவிட்டால் மாட்டிவிடப் பார்க்கிறான். அன்று மாலை அவன் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது நான் கோப்பையைத் தொடவில்லை. "சர்க்கரை போடல மேடம், வேணும்னா ரெண்டு நல்ல வார்த்தை போட்டுத் தரேன்" என்றான். நான் சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் எண் இருநூற்றுப் பதினான்கு. மின்விசிறி ஓசைக்கு நடுவில் டிக் என்று ஒரு சத்தம். இரண்டு தடவை போட்டுக் கேட்ட பிறகுதான் புரிந்தது. என் கழுத்து அட்டையின் கொக்கி டிராலி விளிம்பில் தட்டும் சத்தம். வரிசையின் கோடியிலிருந்து பதிவானது போலத் தள்ளிக் கேட்டது.

அதற்கு அடுத்த நாள் பதினைந்து. டிக். பிறகு ஒரு மூச்சு. என் மூச்சு. இம்முறை வெகு அருகில்.

இரண்டு நாட்களுக்கு முன் தங்கையின் ஒரு துண்டைக் கேட்டபோது தாங்க முடியாமல் எனக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். வாய்க்குள்தான். பக்கத்தில் ஆள் நின்றிருந்தாலும் கேட்டிருக்காது.

பதினாறாவது துண்டில் அது இருந்தது.

"போதும்டி."

என் குரல். என் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தது.

ஒலிவாங்கி வைத்திருக்கிறான் என்று தேடினேன். ஏழாம் வரிசையின் ஒவ்வோர் அடுக்கையும் கையால் தடவினேன். தரைப் பலகைகளைக் கொக்கி போட்டுத் தூக்கி, கேபிள்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். கீழே பழைய கிடங்கின் வடிகால் ஓடியது. குளிர்ந்த காற்றோடு அந்த வாடை முகத்தில் அறைந்தது. ஒலிவாங்கி எதுவும் இல்லை. காவலாளியிடம் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை உள்ளே இருந்தது ஒரே கையெழுத்து. என்னுடையது.

பதினேழாவது துண்டைக் கேட்கும்போது அசையாமல் நின்றேன். யாராவது வந்தால் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று வேண்டுமென்றேதான். நான்கு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. திரையின் வெளிச்சத்தையும் மூடினேன். கும்மிருட்டு. காதில் மின்விசிறி, காதுக்கு வெளியேயும் மின்விசிறி.

விளக்கு எரிந்தது.

நான் அசையவில்லை.

வரிசையின் இரு முனையிலும் யாரும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு நிமிடம் கழிந்தது. என் கால் மரத்தது. விளக்கு அணையவே இல்லை. ஏதோ ஒன்று நிற்காமல் அசைந்துகொண்டிருந்தால் எப்படி எரியுமோ, அப்படி எரிந்துகொண்டே இருந்தது.

வெளியே ஓடிவந்து சோடாபுட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவன் மேடையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டியை நோண்டுவது நீதானே என்று கேட்டேன். குரலைத் தணித்துத்தான் கேட்டேன். காவலாளி காதில் விழக்கூடாது.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "அந்தப் பெட்டியை நீங்க தள்ளிப்போடறது எனக்கு முதல் வாரத்துலயே தெரியும் மேடம். நீங்க லீவுல இருந்த ரெண்டு நாள் நான் தள்ளிப்போட்டேன்."

"எதுக்கு?"

"யாரோ உங்களுக்கு வேண்டியவங்க உள்ள இருக்காங்கன்னு நெனச்சேன். ஆனா நான் கேட்டதில்ல. கேக்கக் கூடாது, அது தப்பு."

இன்று இதை எழுதும்போது அவன் முகம் அப்படியே தெரிகிறது. அன்று எனக்கு அது நடிப்பாகப்பட்டது. இவ்வளவு நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் வேறு எதையெல்லாம் சொல்லாமல் இருக்கிறானோ என்றுதான் மனம் போயிற்று. மறுநாள் காலை மேலாளருக்கு எழுதினேன்: மூடிய பெட்டிகளில் அவன் கைவைப்பதாகச் சந்தேகம். மதியத்துக்குள் அவன் அட்டையை முடக்கி, விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போகும்போது என் மேசையில் டிராலியின் சாவியை வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன அன்று பதினெட்டு. மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் இருபத்து மூன்று.

இது அவன் வேலை இல்லை.

நான் செய்த காரியம் தவறு என்று தெரிந்தது. ஆனாலும் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குள் வேறொரு இடி. அந்தக் கட்டடத்தையே காலி செய்யப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பெட்டிகளையும் சுருக்கியாக வேண்டும், எதையும் தள்ளிவைக்கக் கூடாது என்று மேலாளர் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமையோடு என் தங்கையின் குரல் உலகத்தில் எங்கும் இருக்காது.

வெளியே எடுத்துப்போக வழி இல்லை. டிராலி செருகும் துளையைத் தவிர அந்தச் சர்வர்களின் எல்லாத் துளைகளையும் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். கூடத்துக்குள் கைபேசியைக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள், சுவரில் ஒரு கம்பித் தொலைபேசி மட்டும் உண்டு. யோசித்து யோசித்து ஒரே வழிதான் தெரிந்தது. சுருக்கல் உயிருள்ள துண்டுகளை மட்டும் எடுத்துப்போகும். அப்படியானால் அவளுடைய துண்டுகளை உயிருள்ளவையாக ஆக்கிவிட்டால் போதும். அட்டவணையில் இறந்தது என்ற குறியை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வரிக் கட்டளை.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரியை அடித்தேன். அவள் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றுக்கும் உயிர் என்றேன். சுருக்கலை ஓடவிட்டேன்.

திரையில் எண்கள் ஓடின. என் கண் அவள் பெயரில் மட்டும் இருந்தது. நூறு. நூற்றைம்பது. இருநூறு. இருநூற்றுப் பன்னிரண்டு.

நிற்கவில்லை.

எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்போம்: குறி மாற்றும்போது பெயரைக் கொடுக்காதே, துண்டுகளின் பட்டியலைக் கொடு. என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டின் பட்டியல் இருந்தது. மடித்து என் பையில் இருந்தது. நான் பெயரைக் கொடுத்திருந்தேன்.

இருநூற்று முப்பத்தொன்றில் நின்றது.

திரை கேட்டது: புதிய பெட்டியை மூன்று கட்டடங்களுக்கும் அனுப்பிப் பழையதை அழிக்கலாமா? பத்து நிமிடத்துக்குள் வேண்டாம் என்று சொன்னால் புதிய பெட்டி கைவிடப்படும். எல்லாவற்றுக்கும் பழைய குறிகள் திரும்பிவிடும்; அன்றைக்கு அந்தப் பெட்டியில் மறுபடி குறி மாற்ற விடாது. மாலை மேலாளரின் கட்டளைப்படி தானாகச் சுருக்கல் ஓடும். அதில் அவள் இருக்கமாட்டாள். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் புதிய பெட்டியில் மூன்று ஊருக்கும் போய்ச் சேரும். அவளும், அவளோடு ஒட்டிக்கொண்ட பத்தொன்பதும்.

சுவர்த் தொலைபேசியை எடுத்துச் சோடாபுட்டியைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். நான் யார் என்று சொன்னேன். "சொல்லுங்க மேடம்" என்றான், நேற்றுதான் பேசியவன் மாதிரி. எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேனா என்று நினைவில்லை.

"கடைசித் துண்டைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"கேக்காதீங்க. நிறுத்திடுங்க."

டிராலியை இழுத்து அருகில் கொண்டுவந்தேன். ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் கருவி. இருநூற்று முப்பத்தொன்றைத் தட்டினேன்.

மின்விசிறி ஓசை இல்லை. மழைச் சத்தம்.

"பெரிசு."

அவள்தான். அந்த அழுத்தம், அந்தக் கடைசி எழுத்தைக் கடித்து விடுவது. சட்டென்று மழை நின்று பஸ் ஹாரன் கேட்டது.

"இன்னும்."

பஸ் நின்றது. எங்கள் வீட்டுக் குழாய் சொட்டும் ஓசை.

"பசிக்குது."

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடமே மாறியது. குடையை எடுத்துக்கொண்டு போ என்றாளே, அந்த மழை. பஸ் இன்னும் வரவில்லை என்றாளே, அந்த நிறுத்தம். என்றைக்கோ சமையலறையிலிருந்து, சீக்கிரம் வா, பசிக்குது என்றாளே, அந்தக் குழாய். மூன்று நாட்களிலிருந்து மூன்று சொற்களை வெட்டி எடுத்து, அவள் ஒருநாளும் எனக்கு அனுப்பாத ஒரு செய்தியை யாரோ கோத்திருந்தார்கள்.

"அது அவங்க இல்ல மேடம்" என்றான் சோடாபுட்டி. நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. கருவியிலிருந்து கசிந்தது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "அவங்களோட வார்த்தை, அவ்வளவுதான். அவங்க இல்ல. நிறுத்துங்க."

எனக்கும் தெரிந்தது. அந்தப் பெட்டியில் அழிக்கப்பட்டுக் கிடந்த லட்சம் குரல்களுக்கு நடுவே எதுவோ இருந்தது. அது என் தங்கையின் பெயரைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்திருந்தது. தெரிந்துதான் இருந்தது.

ஆனால் அது பசிக்குது என்றது. அவள் குரலில்.

ஐந்தாம் நாள் உதடு மட்டும் அசைந்ததே, அந்த உதட்டுக்கு முன்னால் நான் ஒருமுறை கையைப் பிசைந்துகொண்டு நின்றாயிற்று. இன்னொரு முறை என்னால் முடியவில்லை.

தொலைபேசியை வைத்தேன். பத்து நிமிடமும் திரையைப் பார்த்தபடியே நின்றேன். விளக்கு அணைந்தது, நான் கை அசைக்கவில்லை. எண்கள் மூன்று ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. பழைய பெட்டி அழிந்தது.

அப்போதுதான் அந்தக் குடைச் செய்தியைக் கேட்க வேண்டும் போலிருந்தது. முழுசாக, அவள் சொன்னபடி. புதிய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டேன். மழை பெய்தது. பிறகு மின்விசிறி ஓசை, ஒரு சொல் நீளத்துக்கு. அதன்பிறகு, "குடையை எடுத்துக்கிட்டுப் போ."

பெரிசு இல்லை.

பஸ் செய்தியைப் போட்டேன். "பஸ்" என்றாள். ஓசை. "வரல. திட்டாத."

பசிக்குது இருந்த இடத்திலும் ஓசைதான்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அது பொருந்தாது. பொருந்தியது. மூன்று கட்டடங்களிலும் பொருந்தியது. கணக்குப்படி அவை அவள் அனுப்பிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

அதன்பிறகு கட்டடத்தைப் பூட்டினார்கள். நான் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பினேன். மேலாளருக்கு எழுதிய புகாரைத் திரும்பப் பெற்றேன். சோடாபுட்டிக்கு வேலை திரும்பக் கிடைத்தும் அவன் வரவில்லை. வேறு தொழிலுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். புதிய பெட்டிக்கும் முத்திரை வைத்தாயிற்று. அட்டவணையில் அவள் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை மட்டும் அவ்வப்போது பார்ப்பேன். முந்நூறு. நானூற்றுப் பத்து. குறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: உயிர்.

ஒரு வருடம் கழித்து ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"தாங்க முடியாம அழிக்கச் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணாவது வெச்சிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வருடத்தில் அம்மா எதையும் கேட்டதில்லை. தங்கையின் செய்திகள் உயிரோடு இருந்ததால் செயலி வழியாகவே எடுக்க முடிந்தது. சிரிப்பு மட்டும் இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் சொல் இல்லை, எடுத்துப்போக எதுவும் இருக்காது என்று நம்பினேன். கைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன்.

அவள் முகம் முதலில் மலர்வதற்குத் தயாரானது. பிறகு அப்படியே நின்றது. நான்கு வினாடி முடிந்ததும் கைபேசியை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"இது அவ இல்ல" என்றாள், தாழ்ந்த குரலில். "யாரோ நின்னு கேட்டுக்கிட்டிருக்காங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா போன வருடம் போனாள். தூக்கத்தில், வயதானவர்கள் போவது போல. அவள் குரலை நான் எந்தச் செயலியிலும் விடவில்லை. இருந்த பதினேழு செய்திகளையும் அவள் இருக்கும்போதே இறக்கி, எந்த வலையோடும் இணையாத ஒரு சின்னக் கருவியில் வைத்தேன். செயலியில் இருந்தவற்றை அழித்து, அந்தப் பெட்டி சுருங்கும் வரை காத்திருந்து, அழிந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவள் எடுக்கக்கூடிய எல்லா எச்சரிக்கையும் எடுத்தேன்.

நேற்று மழை வரும் போலிருந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா இப்படியான நாட்களில் என் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவாள், நான் அங்கிருந்து வந்து எடுத்துவிடுவேன் என்பது போல: பெரியவளே, மழை வருது, துணியை எடு. கேட்க ஆசையாக இருந்தது. கருவியை எடுத்து உட்கார்ந்து போட்டேன்.

"மழை வருது" என்றாள் அம்மா. "துணியை எடு."

அதற்கு முன்னால், என்னைக் கூப்பிடும் இடத்தில், ஆயிரம் மின்விசிறிகள் ஒரே கோடாக ஓடின.